தங்கம் தேடிய தடத்தில்: கோரமண்டலுக்கு ஒரு கல்விப் பயணத் திட்டம்

நாட்டின் வளர்ச்சி வரலாற்றை நூல்களின் வாயிலாக அறிந்து கொள்வது ஒரு வழி. அவ்வரலாறு நடந்த பாதையிலேயே சென்று அறிந்து கொள்வது மற்றொரு வழி. இரண்டாவது வழியை மேற்கொள்ள விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கும், பயிற்சியிலுள்ள அரசு அலுவலர்களுக்கும் தென்னிந்தியாவில் மிகவும் பொருத்தமான வழித்தடங்களுள் ஒன்று, பெங்களூரிலிருந்து கோலார் வழியாகக் கோலார் தங்கவயலுக்குச் செல்லும் பாதையாகும். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையைப் பேருந்தில் இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால், அதனைச் சரிவரப் பார்த்து வருவதற்கு மூன்று நாட்கள் தேவைப்படும். அம்மூன்று நாட்களையும் எவ்வாறு வகுத்துக் கொள்ள வேண்டும், எவற்றைக் காண வேண்டும், எந்தக் கேள்வியை மனத்தில் கொண்டு செல்ல வேண்டும் என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

இப்பாதை இரண்டு தேடற் பயணங்களுடன் தொடர்புடையது. முதலாவது, 1802ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்னும் நில அளவை அதிகாரி மேற்கொண்டது. இரண்டாவது, 1871ஆம் ஆண்டில் மைக்கேல் லாவெல் என்னும் ஓய்வுபெற்ற போர்வீரர் மாட்டுவண்டியில் மேற்கொண்டது. இவ்விரு பயணங்களின் விளைவாகவே உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றும், அதனைச் சூழ்ந்து ஒரு பெரிய தொழில் நகரமும் தோன்றின.

முதற் பயணம்

1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் போரில் வீழ்ந்த பின்னர் மைசூர் நாட்டின் எல்லைகளை வரையறுத்து வரைபடம் தயாரிக்கும் பணி காலின் மெக்கன்சியின் தலைமையில் தொடங்கப் பெற்றது. அப்பணியில் கீழை எல்லைப் பகுதியை அளக்கும் பொறுப்பு, 33ஆம் காலாட்படையைச் சேர்ந்த லெப்டினன்ட் ஜான் வாரனிடம் ஒப்படைக்கப்பட்டது. கோலாருக்குக் கிழக்கே எர்ரகொண்டா மலையருகே அவர் அளவைப் பணியில் ஈடுபட்டிருந்தபோது, அப்பகுதி மண்ணில் தங்கம் கிடைப்பதாக ஒரு செய்தி அவர் காதில் விழுந்தது. செய்தியை மெய்ப்பித்துக் காட்டுவோருக்குப் பரிசு தருவதாக அவர் அறிவித்தார். சுற்று வட்டாரக் கிராமத்தினர் மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரிலேயே நீரில் அலசித் தங்கத் துகள்களை எடுத்துக் காட்டினர். ஏறத்தாழ 56 கிலோ மண்ணுக்கு ஒரு கிரெயின், அதாவது 65 மில்லிகிராம் தங்கம் கிடைத்ததாகக் கூறப்படுகிறது.

வாரன் அத்துடன் நின்றுவிடவில்லை. மாரிக்குப்பம் பகுதிக்குச் சென்று அங்கு மக்கள் தங்கம் எடுக்கும் முறையை நேரில் கண்டு குறித்து வைத்தார். 30 அடி முதல் 45 அடி வரை ஆழமுள்ள குழிகளின் பக்கச் சுவர்களில் கால் வைப்பதற்குச் சிறு மாடங்கள் வெட்டப்பட்டிருந்தன. அடியில் உடைத்தெடுத்த கற்கள் கூடைகளில் கைமாறிக் கைமாறி மேலே வந்தன. பெண்கள் அக்கற்களைப் பாறை மேல் வைத்து இடித்துப் பொடியாக்கி, நீர்நிலைக்குக் கொண்டு சென்று அலசினர். இவ்வேலையைச் செய்தவர்கள் அந்நாளைய சமூகத்தில் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளாகியிருந்த மக்கள் என்பதும் அவருடைய அறிக்கையிலிருந்து தெரிய வருகிறது.

உள்ளூர் அறிவை மதித்துக் கேட்டறியும் பழக்கம் வாரனுக்கு இயல்பாகவே இருந்தது. பின்னாளில் சென்னை வானாய்வுக் கூடத்தின் தற்காலிகப் பொறுப்பை ஏற்றிருந்த அவர், தென்னிந்தியப் பஞ்சாங்கக் கணித முறைகளை விளக்கும் 'கால சங்கலிதம்' என்னும் நூலை 1825ஆம் ஆண்டில் வெளியிட்டார். சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தின் நேரத்தைக் கணித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் புதுச்சேரியில் கண்டு, அம்முறையினை அவர் அந்நூலில் பதிவு செய்துள்ளார். மண்ணை அலசியவரிடமும், வானத்தைக் கணித்தவரிடமும் அவர் ஒரே வகையாகவே பாடம் கேட்டார் என்பது கருதத் தக்கது.

இரண்டாம் பயணம்

வாரனின் அறிக்கைக்குப் பின்னர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வுகள் பல நடந்தும் பயன் விளையவில்லை. உள்ளூர் மக்கள் மட்டும் பழைய முறையில் தோண்டி வந்தனர். விபத்துகளைக் காரணம் காட்டி 1859ஆம் ஆண்டில் நிலத்தடித் தோண்டுதல் தடை செய்யப்பட்டது.

இந்நிலையில் வாரனின் குறிப்பு லாவெலின் பார்வைக்கு வந்தது. அயர்லாந்தைச் சேர்ந்த இவர் நியூசிலாந்துப் போரில் பணியாற்றி, அங்குத் தங்கம் தேடுவோரின் முயற்சிகளைக் கண்டு, பின்னர் பெங்களூர்ப் படைத்தளப் பகுதியில் குடியேறியவர். 1871ஆம் ஆண்டில் அவர் மாட்டுவண்டியில் 60 மைல் பயணம் செய்து கோலார்ப் பகுதியை அடைந்தார். பழைய குழிகளையும் பாறைகளையும் ஆராய்ந்து, 1873ஆம் ஆண்டில் அரசிடம் உரிமம் கோரி விண்ணப்பித்தார். அந்நாளில் மைசூர் பிரிட்டிஷ் ஆணையரின் நேரடி நிர்வாகத்தில் இருந்தது. 1875ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் இருபது ஆண்டுகளுக்கான உரிமம் அவருக்குக் கிடைத்தது. உரிகம் அருகே சுரங்கம் தோண்டத் தொடங்கிய அவருக்குப் போதிய மூலதனம் இல்லாமையால், உரிமம் விரைவில் பெங்களூரிலிருந்த படை அதிகாரிகள் சிலர் அமைத்த குழுவின் கைக்கு மாறியது. 1880ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் களத்தில் இறங்கியது.

நிறுவனங்கள் வந்த உடனேயே தங்கம் கிடைத்துவிடவில்லை. தொடக்க ஆண்டுகளில் முதலீடு பெரும்பாலும் வீணாயிற்று. மைசூர்ச் சுரங்கத்தின் பொறுப்பிலிருந்த பிளம்மர் என்பவர், பண்டைய மக்கள் தோண்டி விட்டுச் சென்ற குழிகளைப் பின்பற்றி, அவற்றுக்கும் கீழே ஆழமாகச் சென்ற பின்னரே 'சாம்பியன்' எனப் பெயர் பெற்ற வளமான தங்கப் படலம் 1880களின் இடைப்பகுதியில் கைக்கு எட்டியது. அப்பழங்குழிகள் சில நூறு அடி ஆழம் வரை சென்றிருந்தன. அவற்றில் கிடைத்த மரத்துண்டுகளைக் கரிமக் கணிப்பு முறையில் ஆராய்ந்தபோது, அவை கி.பி. முதல் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை எனத் தெரிந்தது.

இங்குத்தான் பயணத்தின் மையக் கேள்வி எழுகிறது. கோலார் தங்கத்தைக் கண்டுபிடித்தவர் யார்? அளவைக் கருவிகளுடன் வந்தவரா, உரிமம் பெற்றவரா, மூலதனம் இட்டவரா? அல்லது மண்ணை அலசிக் காட்டிய கிராமத்தினரும், பெயர் தெரியாத பண்டைச் சுரங்கத் தொழிலாளரும் தானா? பயணத்தை மேற்கொள்ளும் குழு ஒவ்வொரு நிறுத்தத்திலும் இக்கேள்வியை எழுப்பிப் பார்த்தல் வேண்டும். வளர்ச்சித் திட்டங்களை நிறைவேற்றப் போகும் அலுவலர்களுக்கு இக்கேள்வி வெறும் வரலாற்றுக் கேள்வியன்று. எந்த ஊரிலும் திட்டத்திற்கு முன்பே அறிவு இருக்கிறது; அது யாரிடம் இருக்கிறது, அதன் பயன் யாரைச் சென்றடைகிறது என்பதே கேள்வி.

முதல் நாள்: பெங்களூரிலிருந்து கோலார்

பயணத்தைப் பெங்களூரின் லாவெல் சாலையில் தொடங்குவது பொருத்தம். இன்று அங்காடிகளும் உணவகங்களும் நிறைந்த அச்சாலையின் பெயருக்குக் காரணம் தங்கவயல் என்பதை அறிந்தவர் அங்கே மிகச் சிலரே. அங்கிருந்து பழைய சென்னை நெடுஞ்சாலையில் ஒசகோட்டை, நரசாபுரம் வழியாகக் கோலார் நகரை அடையலாம். தொலைவு 68 கிலோமீட்டர். நரசாபுரத்தில் அண்மைக் காலத்தில் எழுந்துள்ள தொழிற்பகுதியைக் கடக்கும்போது, நூறாண்டுகளுக்கு முன்னர் இவ்வட்டாரத்தின் உழைப்பாளர் கிழக்கு நோக்கிச் சுரங்கத்திற்குச் சென்றதையும், இன்று மேற்கு நோக்கித் தொழிற்சாலைகளுக்குச் செல்வதையும் ஒப்பிட்டுக் குறித்துக் கொள்ளலாம்.

வழியில் காணத்தக்கவை ஏரிகள். வற்றாத ஆறு இல்லாத கோலார் மாவட்டம், தலைமுறை தலைமுறையாக ஏரிகளை நம்பி வாழ்ந்த நிலம். மழை பொய்த்து ஏரிகள் வறண்ட நிலையில், பெங்களூரின் கழிவு நீரைச் சுத்திகரித்து இவ்வேரிகளுக்கு அனுப்பும் கோரமங்கல–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் 2018ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கியது. நிலத்தடி நீர் உயர்ந்ததாக வேளாண் மக்கள் மகிழ்வதும், நீரின் தூய்மை பற்றி வினாக்கள் எழுந்திருப்பதும் ஒருங்கே கேட்கக் கிடைக்கும். இரு தரப்பையும் கேட்டறிவது மாணவர்களுக்கு நல்ல பயிற்சியாகும்.

கோலார் நகரில் அரை நாள் தங்குதல் வேண்டும். பண்டைக் கங்க மன்னர்களின் தலைநகரான குவலாலம் இதுவே. சோழர் ஆட்சியில் இப்பகுதி 'நிகரிலிச் சோழமண்டலம்' என்னும் பெயருடன் விளங்கியது. கோலாரம்மன் கோயிலில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். கன்னட நாட்டின் நடுவே தமிழ்க் கல்வெட்டைப் படிக்கும்போது, இன்றைய மாநில எல்லைகள் பழைய மக்கள் நடமாட்டத்தின் மேல் பின்னாளில் வரையப்பட்டவை என்பது மாணவர்களுக்கு எளிதில் விளங்கும்.

இரண்டாம் நாள்: கோரமண்டல் முதல் மாரிக்குப்பம் வரை

இரண்டாம் நாள் காலையில் பேருந்தைப் பங்காருப்பேட்டையில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து ரயிலில் செல்வது நல்லது. 1894ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பங்காருப்பேட்டை–மாரிக்குப்பம் கிளைப் பாதையின் நீளம் 16 கிலோமீட்டரே. ஆனால் தங்கவயலின் அமைப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆசிரியர் வேறில்லை. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என நிலையத்தின் பெயர்களே சுரங்கத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு வருகின்றன.

கோரமண்டல் நிலையத்தில் இறங்கி நடக்கத் தொடங்கலாம். கடற்கரையின் பெயர் கடலே காணாத இந்த மேட்டு நிலத்தில் எவ்வாறு வழங்குகிறது என்று மாணவர்கள் வியப்பது இயல்பு. சோழமண்டலம் என்னும் சொல்லே ஐரோப்பியர் நாவில் கோரமண்டல் எனத் திரிந்து, சோழ நாட்டுக் கடற்கரைக்குப் பெயராயிற்று. அப்பெயர் தாங்கிய கப்பல் ஒன்று 1820ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஒரு துறைமுகத்தை அடைந்தது. அத்தீபகற்பமும் கோரமண்டல் என்றே பெயர் பெற்றது. 1852ஆம் ஆண்டில் அங்கும் தங்கம் கண்டறியப்பட்டது. நியூசிலாந்திலிருந்து வந்த ஒருவர் உரிமம் பெற்ற தங்கவயலிலும் ஒரு கோரமண்டல் உண்டு என்பதும், அதற்கு முப்பது கிலோமீட்டர் தொலைவில் சோழமண்டலம் என்னும் பழைய பெயருக்குரிய கல்வெட்டுகள் நிற்கின்றன என்பதும் வரைபடத்தில் மட்டும் பார்த்தால் புலப்படாத தொடர்புகள்.

கோரமண்டலில் தொடங்கித் தெற்கு நோக்கி மாரிக்குப்பம் வரை பார்த்துச் செல்வதே முறை. சுரங்கத் தலைமேல் நிற்கும் இரும்புக் கோபுரங்கள், பூட்டிக் கிடக்கும் பட்டறைகள், வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருப்புகள், அதிகாரிகள் வாழ்ந்த ஓட்டுக் கூரை மாளிகைகள், கோயில்கள், மாதா கோயில்கள், பௌத்த சங்கங்கள் ஆகியவை அடுத்தடுத்து வரும். ஒரு வீட்டின் அளவையும், அதற்கும் மற்றொரு வீட்டிற்கும் உள்ள இடைவெளியையும் அளந்து எழுதுமாறு மாணவர்களைப் பணிக்கலாம். ஊதிய ஏணியின் படிகளை எந்தப் புள்ளி விவரத்தையும்விட அந்த அளவுகள் நன்றாகக் காட்டும்.

தங்கவயலின் தொழில்நுட்பச் சாதனைகள் உண்மையிலேயே பெருமைக்குரியவை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகைக்கும் மேல் இருந்ததால் குளிர்ந்த காற்றைக் கீழே செலுத்த வேண்டியிருந்தது. சுரங்கங்களுக்கு மின்சாரம் வழங்குவதற்காகவே காவிரியின் சிவசமுத்திர அருவியில் நீர்மின் நிலையம் அமைக்கப்பட்டு, 1902ஆம் ஆண்டு சூன் மாதத்தில் 147 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிகளின் வழியே தங்கவயலுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அதுவும் ஒன்று. பெங்களூர் நகரின் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது 1905ஆம் ஆண்டில்தான். 1965ஆம் ஆண்டில் இச்சுரங்கத்தின் ஆழத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிவியலாரும் இணைந்து, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோத் துகள்களின் அடையாளத்தைப் பதிவு செய்தனர். பாறை இயக்கவியலுக்கான தேசிய நிறுவனம் 1988ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்றதும் இங்கேயே.

ஆயினும் மின்சாரம் முதலில் சென்றது இயந்திரங்களுக்கே. தொழிலாளரின் குடிசைகளுக்கு அது எட்டுவதற்குப் பல்லாண்டுகள் ஆயின. ஒரு திட்டத்தின் வெற்றியைக் கணக்கிடும்போது கம்பியின் நீளத்துடன் அது சென்று சேர்ந்த வீடுகளையும் எண்ண வேண்டும் என்னும் பாடம் இங்கே கிடைக்கிறது.

பாலாற்றின் வழி வந்தவர்கள்

மூன்றாம் நாளுக்குச் செல்லுமுன், இந்நகரை உருவாக்கிய மக்களைப் பற்றிச் சிறிது அறிதல் இன்றியமையாதது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்கவயலில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர் வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுள்ளும் பெரும்பகுதியினர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட குடும்பத்தினர். கிராமத்தின் அடிமைத் தளையிலிருந்து விடுபட்டு நாட்கூலியைப் பணமாகப் பெறும் வாய்ப்பு அவர்களை ஈர்த்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. பாறை வெடிப்பு என்னும் விபத்து, முன்னறிவிப்பின்றி நிலத்தடியில் பாறைகளைச் சிதறடித்து உயிர்களைப் பலி கொண்டது. கல் தூசியைப் பல்லாண்டுகள் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் நோய் வந்தது.

இம்மக்கள் உழைப்பாளராக மட்டும் வாழ்ந்து மறையவில்லை. கல்விக் கூடங்களையும் சங்கங்களையும் நிறுவினர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியது. 1914ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னர், அவர் நடத்திய 'தமிழன்' இதழ் பின்னாளில் சில காலம் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. 1930ஆம் ஆண்டில், தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதித்துப் பதிவு செய்து கொள்ள வேண்டும் என்னும் விதியைக் குற்றவாளிகளை நடத்தும் முறை எனக் கருதித் தொழிலாளர் ஒன்று திரண்டு வேலை நிறுத்தம் செய்தனர். பயணக் குழுவினர் பழைய தொழிற்சங்கத்தார், ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர் ஆகியோருடன் ஒரு மாலைப் பொழுதைக் கழிப்பதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்தல் வேண்டும். அவர்கள் விரும்பினால் பேசட்டும். பேசுவதற்கு உரிய நேரமும் மதிப்பும் அவர்களுக்குத் தரப்பட வேண்டும். நிழற்படம் எடுக்கும் முன் இசைவு கேட்பது கட்டாயம்.

மூன்றாம் நாள்: பேத்தமங்கலமும் திரும்பும் வழியும்

மூன்றாம் நாள் காலையில் பேத்தமங்கலம் ஏரிக்குச் செல்லலாம். பாலாற்றின் குறுக்கே அமைந்த இப்பழைய ஏரியிலிருந்தே தங்கவயலுக்குக் குடிநீர் சென்றது. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு இவ்வழியே ஆந்திர மாநிலத்தைக் கடந்து வாணியம்பாடி அருகே தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. ஆற்று நீர் கீழ் நோக்கிச் சென்ற அதே வழியில், வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் வட்டாரத்து மக்கள் வேலை தேடி மேல் நோக்கி வந்தனர். ஆதலின், தமிழ்நாட்டிலிருந்து புறப்படும் குழுவினர் ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வெங்கடகிரிக்கோட்டை வழியாகத் தங்கவயலை அடைந்து, பெங்களூரில் பயணத்தை முடிக்கலாம். அளவை அதிகாரியும் உரிமம் பெற்றவரும் வந்த வழியுடன், உழைத்தவர்கள் வந்த வழியையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரைபடம் நிறைவு பெறும். ஒசகோட்டையிலிருந்து பேத்தமங்கலம் வரை பெங்களூர்–சென்னை விரைவுச் சாலையின் ஒரு பகுதி போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டுள்ளதால், திரும்பும் பயணம் எளிது. போகும்போது மட்டும் பழைய சாலையிலேயே செல்வது நலம். விரைவுச் சாலை ஊர்களைக் காட்டாது.

சுரங்கம் மூடிய பின்

1956ஆம் ஆண்டில் மைசூர் அரசும், 1962ஆம் ஆண்டில் மத்திய அரசும் சுரங்கங்களின் பொறுப்பை ஏற்றன. 1972ஆம் ஆண்டில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைக்கப்பட்டது. ஆழம் கூடக் கூடச் செலவு உயர்ந்தது. தாதுவில் தங்கத்தின் அளவோ குறைந்து வந்தது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கத்தை நாட்டிற்கு அளித்த பின்னர், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலை இழந்தனர்.

அதன் விளைவைக் காண விடியற்காலையில் மாரிக்குப்பம் நிலையத்திற்குச் சென்றால் போதும். தங்கவயலின் இளைஞர்களும் பெண்களும் ஆயிரக் கணக்கில் பெங்களூர் செல்லும் ரயில்களில் ஏறுகின்றனர்; இரவில் திரும்புகின்றனர். சுரங்கங்களுக்காகப் போடப்பட்ட பாதை இன்று உழைப்பை ஏற்றிச் செல்லும் பாதையாகிவிட்டது. 1964ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை நகரில் இயங்கி வருகிறது. எனினும், மூடிய சுரங்கத்திற்கு ஈடாக அது ஒன்றே அமைந்துவிட முடியாது.

நகரின் விளிம்பில் குன்றுகளைப் போல் எழுந்து நிற்பவை, தாதுவை அரைத்துத் தங்கத்தைப் பிரித்த பின்னர் கொட்டப்பட்ட மண்மேடுகள். மக்கள் இவற்றைச் 'சயனைடு மேடு' என்று அழைக்கின்றனர். ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன் மண் இவ்வாறு குவிந்துள்ளது. காற்று வீசும் காலத்தில் இத்தூசி வீடுகளுக்குள் புகுகிறது. மழைக் காலத்தில் நீரோடைகளில் கரைந்து இறங்குகிறது. இம்மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை எடுப்பதற்கான மத்திய அரசின் திட்டத்திற்கு 2024ஆம் ஆண்டில் கர்நாடக அமைச்சரவை இசைவு தெரிவித்தது. இத்திட்டம் நிறைவேறும்போது வேலை யாருக்குக் கிடைக்கும், தூசி யார் வீட்டில் படியும் என்னும் இரு கேள்விகளையும் பயணக் குழுவின் அலுவலர்கள் தம் குறிப்பேட்டில் எழுதிக் கொள்வது நல்லது. 1802ஆம் ஆண்டில் எழுந்த கேள்வியே புதிய உருவில் மீண்டும் வந்திருக்கிறது.

கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்

பயணத்திற்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரையாகும். குழுவில் முப்பது பேருக்கு மேல் இருத்தல் கூடாது. தமிழும் கன்னடமும் அறிந்த ஒருவரேனும் உடனிருத்தல் வேண்டும். தங்கவயலில் தமிழும், கோலாரின் கிராமங்களில் கன்னடமும் தெலுங்கும் மிகுதியாகப் பேசப்படுகின்றன.

சுரங்க நிலமும் கட்டடங்களும் பொது இடங்களல்ல. உரிய அலுவலகத்தின் எழுத்து மூலமான அனுமதியின்றி வேலிக்குள் நுழைதல் தவறு. கைவிடப்பட்ட சுரங்க வாய்கள் பல இடங்களில் உள்ளன. அவற்றுள் நீர் நிறைந்திருக்கும், விளிம்பு மண் எளிதில் சரியும். எக்காரணம் கொண்டும் அவற்றை அணுகுதல் கூடாது. மண்மேடுகளின் மேல் ஏறுவதும், அங்கிருந்து மண்ணை எடுத்து வருவதும் தவிர்க்கப்பட வேண்டும். திரைப்படங்களில் கண்ட காட்சிகளைத் தேடி இங்கு வருவோர் உண்டு. மக்கள் வாழும் ஊரைப் பாழடைந்த ஊராக எண்ணி வேடிக்கை பார்ப்பது அவர்களை இழிவு செய்வதாகும்.

உணவும் தங்குமிடமும் இயன்றவரை இராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் உள்ள சிறு விடுதிகளிலேயே ஏற்பாடு செய்யப்பட வேண்டும். உள்ளூர் இளைஞர் சிலரை வழிகாட்டிகளாக அமர்த்தி உரிய ஊதியம் வழங்குதல் வேண்டும். சுரங்கத்தில் வேலை செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர் சொல்லும் விளக்கத்திற்கு ஈடான வழிகாட்டி நூல் எதுவும் இல்லை. மேலும், மாணவர்கள் சேகரிக்கும் செய்திகள், எடுக்கும் படங்கள், வரையும் வரைபடங்கள் ஆகியவற்றின் ஒரு படியை நகரின் ஒரு பள்ளிக்கோ நூலகத்திற்கோ அளித்துவிட்டுத் திரும்புவது முறை. இருநூறு ஆண்டுகளாக இவ்வூரிலிருந்து எடுத்துச் சென்றவர்களே மிகுதி. வருவோர் எதையேனும் விட்டுச் செல்லும் வழக்கம் இனியேனும் தொடங்கட்டும்.

செலவுத் திட்டம் வகுப்போர் பேருந்து வாடகையையும் உணவுச் செலவையும் கணக்கிட்ட பிறகு, வழிகாட்டிகளின் ஊதியத்தை எஞ்சிய தொகையிலிருந்து கொடுக்கலாம் என்று எண்ணுவதுண்டு. அவ்வாறன்றி, அதனையே முதற் செலவாக எழுதிக் கொள்ளுதல் வேண்டும். 1802ஆம் ஆண்டில் மண்ணைச் சுமந்து வந்து அலசிக் காட்டிய கிராமத்தினரின் பெயர்கள் வரலாற்றில் இல்லை. இன்று வழிகாட்டுவோரின் பெயர்களாவது, அவர்கள் இசைவுடன், பயண அறிக்கையின் முதற் பக்கத்தில் இடம் பெற வேண்டும்.